மேஸ்திரி சொன்ன மழை

தாராபுரம் ரோட்டில் இருக்கும் அந்த நார்த்தூள் களத்தில், மழை வருமா வராதா என்று சொல்ல இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான். ஆறுச்சாமி. மேஸ்திரி என்று பெயர். விரிக்கவும் அள்ளவும் ஆள் ஏவுவது எவனுக்கும் வரும். மழையைச் சொல்வதால்தான் அவருக்கு அங்கே மரியாதை.

தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்தபின் மிஞ்சுகிற தூள்தான் நார்த்தூள். அதை உப்புப் போகக் கழுவி, சிமென்டுக் களத்தில் விரித்துக் காயவைத்து, மிஷினில் செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலேற்றினால், ஸ்பெயின் தேசத்துக்காரர்கள் வாங்கி அதில் தக்காளி நடுகிறார்கள். மண் இருக்கும்போது மட்டைத்தூளில் தக்காளி நடுகிறவர்களை ஆறுச்சாமி ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனாலும் வேலை வேலைதான். மூன்று ஏக்கர் களம். காய்ந்து வருகிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் நாலு நாள் பாடு போச்சு. அதனால் தினமும் பதினோரு மணிக்கு முதலாளி லட்சுமிநாராயணன் களத்து ஓரத்தில் வந்து நின்று கேட்பார்.

"ஆறுச்சாமி, உட்டு வெக்கலாமா, அள்ளலாமா?"

ஆறுச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தூளின் மேல் பத்து எட்டு நடப்பார். திரும்பி வந்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்ப்பார். தட்டினால் உதிர்ந்தால் வெயில். வெடிப்புக்குள் அப்பிக்கொண்டு வர மாட்டேன் என்றால் பொழுது சாய்வதற்குள் மழை. அதோடு காற்று எங்கே இருந்து வருகிறது, ஈ எவ்வளவு தாழப் பறக்கிறது என்று இன்னும் ஏதேதோ பார்ப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். தப்பியது இரண்டே தடவை. எந்த வருடம், எந்த மாதம் என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மற்றவர்களுக்கு மறந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதும் முதலாளி பிளாஸ்க்கைத் திறந்து, பச்சை மூடியில் காப்பி ஊற்றிக் கொடுப்பார். ஆறுச்சாமியின் அப்பன் இதே ஊரில் பண்ணையத்தில் இருந்தவர். தூக்கி ஊற்றுவதைக் குனிந்து நின்று கையேந்திக் குடித்தவர். மகனுக்கு முதலாளி குடிக்கிற பிளாஸ்க்கின் மூடி கிடைத்தது. வெறும் காப்பி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ரியாஸ் வந்தான்.

முகமது ரியாஸுக்கு முப்பத்து நாலு வயது, மேட்டுப்பாளையத்துப் பக்கம். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிற வேலை. வந்த ஒரு மாதத்துக்குள் நல்ல பையன் என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆறுச்சாமிக்கு முதலில் பிடிக்காமல் போனதே அதுதான். எல்லோருக்கும் நல்லவனாக இருக்கிறவன் எதையோ உள்ளே ஒளித்து வைத்திருப்பான் என்பது அவர் எண்ணம். இரண்டு வருடமாகத் தேடுகிறார், அகப்படவில்லை. அகப்படாததால் எரிச்சல் இன்னும் கூடியது.

அவன் போனில் மழை வந்தது. எத்தனை மணிக்கு, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று எழுதியே வந்தது. முதலாளி முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தினமும் பார்க்க ஆரம்பித்தார். பிறகு களத்து ஓரத்துக்கு வருவது ஒன்று விட்டு ஒரு நாள் ஆனது. ஏசி ரூமுக்குள் உட்கார்ந்து ரியாஸும் முதலாளியும் காப்பி குடிப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். ரியாஸுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அதைப் பார்த்த பிறகு பச்சை மூடி ஆறுச்சாமியின் கையில் கனத்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அது மூடி என்று அவருக்கு உறைத்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் மனைவி பழனியாத்தாளுக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டி வந்தபோது, ரியாஸ் லீவு போட்டுத் தன் காரில் கோயமுத்தூர் கூட்டிப்போய்க் கூட்டி வந்தான். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவள் அவன் பேச்சாகவே இருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்த இளநீர், அவன் பிடித்துக்கொண்ட கை, அவன் 'அம்மா' என்று கூப்பிட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"அந்தப் பையன் நல்லது பண்ணுனா உங்களுக்கு ஏனுங்க வயிறு எரியுது?"

"எனக்கென்ன எரியுது" என்றார் ஆறுச்சாமி. சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இந்த ஆடியில் ரியாஸ் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தான். ஸ்பெயின்காரர்களுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், அவர்கள் பேச்சிலேயே பேசினால் சரக்கு கூடப் போகும் என்று முதலாளிதான் சொன்னாராம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு களத்து ஓரமாக நடப்பான். போன் சொல்லும், அவன் திருப்பிச் சொல்வான். தூள் கிளறுகிற பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் மூத்தவள் கருப்பாத்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அங்கே மழைக்கு என்ன தம்பி சொல்லுவாங்க என்று கேட்டாள்.

அவன் டீ நேரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னான். 'யோவெரா' என்றால் மழை பெய்யும் என்று அடித்துச் சொல்வது. 'யோவெரீயா' என்றால் அப்படி இல்லை. காற்று நின்றால் பெய்யும், இல்லையென்றால் இல்லை என்கிற மாதிரி. மழை பெய்யும் என்று நேற்று ஒருவர் சொன்னார் என்றால் அதற்கும் இதுவேதான், ஏனென்றால் சொன்னதுதான் நிச்சயம், பெய்தது நிச்சயமில்லை.

ஆறுச்சாமி தூணுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்காதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பெய்தால் பெய்தது, இல்லையென்றால் இல்லை. நிச்சயமில்லாத மழைக்கு என்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் என்ன ஜனங்களோ! நூற்றுக்கு எழுபது பங்கு என்று சொல்கிறவனுக்கு அந்தப் பேச்சு பிடித்ததில் ஆச்சரியமே இல்லை என்று நினைத்தார். ஆனால் அந்தச் சொல் அவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, துரத்தினாலும் போகவில்லை. போதாக்குறைக்குக் கருப்பாத்தாள் தினமும் காலையில், "ஏனுங் மேஸ்திரி, இன்னிக்கு யோவெராங்களா, யோவெரீயாங்களா?" என்று கேட்பாள். பெண்கள் சிரிப்பார்கள். ரியாஸும் சிரிப்பான். அவர் சிரிக்க மாட்டார்.

ஐப்பசி மாதம் ஸ்பெயினிலிருந்து சரக்கைப் பார்க்க ஒரு அம்மா வந்தார். மார்த்தா என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், வெயிலில் வேலை செய்த கை. தக்காளிக்காரர்கள் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் சரக்கு எடுக்கிறவர். களத்தில் காய்ந்துகொண்டிருந்தது அவருக்குப் போக வேண்டிய சரக்கு. அன்று சாயங்காலம் அள்ளி, மறுநாள் அழுத்தி, அதற்கு மறுநாள் தூத்துக்குடிக்கு ஏற்ற வேண்டும். கப்பல் தேதி குறித்தாகிவிட்டது.

ஆறுச்சாமி அன்று வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். வெள்ளைக்காரம்மா பார்க்க, பதினோரு மணிக்கு முதலாளி வந்து கேட்பார், தான் பத்து எட்டு நடந்து குதிகாலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஒன்பதரை மணிக்கே ஒரு தடவை நடந்து பார்த்து வைத்துக்கொண்டார். ஒட்டியது. தட்டிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. மேல்காற்று செத்துக் கிடந்தது. சந்தேகமே இல்லை, மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை. சொல்ல வேண்டியதை வாயில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பதினொன்று ஆனது. கண்ணாடிக்குள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரியாஸ் என்னவோ சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி அவன் தோளைத் தட்டினார். பன்னிரண்டு ஆனது. முதலாளி அந்த அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு தாராபுரத்துக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். கார் களத்தை ஒட்டியேதான் போனது. கண்ணாடி இறங்கவில்லை.

பின்னாலேயே ரியாஸ் வந்தான். காலில் ஷூ, கையில் போன்.

"மேஸ்திரிங்க, முதலாளி உங்களைக் கேக்கச் சொன்னாருங்க. போன்ல மூணு மணிக்கு மழைன்னு காட்டுது. அள்ளிரலாமுங்களா?"

கேள்வியைக் கொண்டு வந்தவன் பதிலையும் கையோடு கொண்டு வந்திருந்தான். காலையிலிருந்து ஆறுச்சாமி வாயில் வைத்திருந்த பதில் அது. இனி அதைச் சொன்னால் போனுக்கு ஆமாம் போடுகிற மாதிரி.

"பெய்யாது" என்றார்.

ரியாஸ் வானத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றான்.

"இருவத்திரெண்டு வருசமாப் பாத்துத்தான் சொல்றேன். பெய்யாது."

பக்கத்தில் பலகையை ஊன்றி நின்ற கருப்பாத்தாளின் கண் அவர் குதிகாலுக்குப் போனது. ஆறுச்சாமி காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

"சரிங்க. மேஸ்திரி என்ன சொல்றாரோ அதும்படி செய்யுன்னுதான் முதலாளி சொல்லிட்டுப் போனாருங்க. உட்டு வெச்சரலாம்" என்று சொல்லிவிட்டு ரியாஸ் திரும்பிப் போனான்.

அந்தப் பேச்சு முழுதாக உள்ளே இறங்க ஆறுச்சாமிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியானால் முதலாளி போனை நம்பவில்லை, அவரைத்தான் நம்பினார். கூப்பிட்டு, தம்பி, அள்ளச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரியாஸ் இருபது அடி தூரம்கூடப் போகவில்லை. ஆறுச்சாமி வாயைத் திறந்தார். அவன் முதுகையும் அந்த இஸ்திரிச் சட்டையையும் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

இரண்டரை மணி நேரம் களத்து ஓரத்திலேயே நின்றார். சாப்பிடப் போகவில்லை. இருபத்திரண்டு வருடம் மழையைச் சொன்னவர் ஒரு நாளும் அதனிடம் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டார். இன்று ஒரு நாள் மட்டும் வராதே, அவன் போன் பொய்யாகட்டும் என்று கெஞ்சினார். கிழக்கே கறுத்து ஏறியது. இரண்டே முக்காலுக்கு முதல் சொட்டு அவர் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

பிறகு நடந்ததைச் சொல்லி என்ன. எல்லோரும் ஓடினார்கள். தார்ப்பாயை இழுத்தார்கள், காற்று பிடுங்கியது. ரியாஸ் ஷூவோடு சகதியில் விழுந்து எழுந்து கயிற்றைப் பிடித்தான். கால்வாசியை மூடினார்கள். முக்கால்வாசி நனைந்து, கழனித்தண்ணி மாதிரி பழுப்பாக ஓடியது. முக்கால் மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு மழை நின்றபோது முதலாளியின் கார் வந்தது.

இறங்கும்போதே அவர் முகம் சரியில்லை. யார் விட்டு வைக்கச் சொன்னது என்று கேட்டார். ஆறுச்சாமி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அதற்குள் ரியாஸ் முன்னால் வந்தான்.

"என்ற தப்புங்க. மேஸ்திரி மழை வரும், அள்ளுன்னுதானுங்க சொன்னாரு. போன்ல காட்டலைன்னு நாந்தான் உட்டுட்டேன்."

முதலாளி அவனை ஐந்து நிமிடம் பேசினார். இருபது பெண்கள் முன்னால் பேசினார். கப்பலைச் சொன்னார், கொடுத்த கோப்பையைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மார்த்தா அம்மா என்ன என்று கேட்க, ரியாஸ் ஆறுச்சாமியின் பக்கம் கையைக் காட்டி அந்த அம்மாவின் பேச்சிலேயே சொன்னான். நிறையச் சொன்னான். அதில் ஆறுச்சாமிக்குப் புரிந்தது ஒன்றுதான். "தீஹோ கே யோவெரீயா." பெய்யும் என்று இவர் சொன்னார். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து ஆறுச்சாமியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

முதலாளி ஆறுச்சாமியை ரூமுக்குள் கூப்பிட்டார். ஏசிக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பூப்போட்ட பீங்கான் கோப்பையில் முதலாளி தன் கையால் காப்பி ஊற்றி வைத்தார். இனிமேல் தானே வந்து கேட்பதாகவும், போனைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லப் போவதாகவும் சொன்னார். இரண்டு வருடமாக ஆறுச்சாமி ஏங்கிக் கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் மேஜை மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ரியாஸ் சொட்டச் சொட்ட நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். கருப்பாத்தாள் தன் தலைத் துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னாள். அவன் எதற்கோ சிரித்தான். திட்டு வாங்கியவன் வெளியே சிரிக்கிறான், கோப்பை வாங்கியவர் உள்ளே குளிரில் நடுங்குகிறார். இதிலும் அவனே பெரியவனாகிவிட்டான் என்று ஆறுச்சாமிக்குத் தோன்றியது. அந்த எண்ணம் முன்பு எரிந்ததைவிடக் கூட எரிந்தது. கோப்பையைத் தொடாமல் எழுந்து வெளியே போனார்.

ரியாஸை மிஷின் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய், உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றான் அவன். ஆறுச்சாமி விடவில்லை. மறுபடி கேட்டார். அவன் துண்டைப் பிழிந்துகொண்டே, மரியாதையாகத்தான் சொன்னான்.

"என்னை வெளிய அனுப்புனா எனக்கு வேற எடம் கெடைக்குங்க. உங்களுக்கு இந்த மழையை உட்டா வேற என்னங்க இருக்குது?"

பாவம் பார்த்திருக்கிறான். ஆறுச்சாமி அடிபட்டவர் மாதிரி நின்றார். அவன் நேராக ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பார். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பார். இவன் கொடுத்த மழையை இனி தினமும் பதினோரு மணிக்குத் தன் மழை என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். வீட்டுக்குப் போனால் பழனியாத்தாளின் கண், களத்துக்கு வந்தால் தன் வாய், இரண்டுமே அவன் தயவு. அது ஆகாது.

நேராக ரூமுக்குப் போனார். காலைக்கூடத் துடைக்கவில்லை.

"மொதலாளிங்க, அவரு சொன்னது பொய்யிங்க. நாந்தான் பெய்யாதுன்னு சொன்னேன்."

லட்சுமிநாராயணன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த மார்த்தா அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா தலை தாழ்த்தி வைத்த வணக்கமும் ஆறுச்சாமியின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வெளியே வானத்தைக் காட்டினார். இல்லை என்று கையை ஆட்டினார்.

"நோ யோவெரீயா" என்றார். "நானு. நோ யோவெரீயா."

அந்த அம்மாவின் புருவம் ஏறி இறங்கியது. புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியலையா, மழை வரும்னு?" என்றார் முதலாளி மெதுவாக.

"காலைல ஒம்பதரைக்கே தெரியுமுங்க."

"பொறகு ஏன்டா?"

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். காலில் இருந்து பழுப்புத் தண்ணீர் பளிங்குத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. பொய் ஒன்றும் அகப்படவில்லை.

"அவரு மொதல்ல சொல்லிப்போட்டாருங்க."

முதலாளி அந்தக் கோப்பையை எடுத்தார், ஆறிப்போன காப்பியைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே கொட்டினார். போ என்று மட்டும் சொன்னார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு ரியாஸ் ஏதாவது பேசியிருப்பானோ என்று ஆறுச்சாமி சந்தேகப்பட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்து என்று ஆனது. பெண்கள் மறுபடி விரித்தார்கள், மறுபடி கிளறினார்கள். இரண்டு நாள் கருப்பாத்தாள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "நோ யோவெரீயாங்களா மேஸ்திரி?" என்றாள். அவர் பலகையை ஓங்கினார், அவள் தள்ளிப்போய் நின்று சிரித்தாள்.

பதினோரு மணிக்கு முதலாளி வரவில்லை. பச்சை மூடியும் இல்லை. மழையைப் பற்றி இனி ரியாஸ்தான் முடிவு செய்வான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆறுச்சாமி பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து எட்டு நடந்தார். குதிகாலைத் தூக்கித் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று நாளைக்கு வெயில். கேட்பார் இல்லை.

அந்த நேரத்தில் ரியாஸ் வந்தான். போனைச் சட்டைப்பையில் போட்டான். களத்து ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி உள்ளே வைத்தான். பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தூளின் மேல் இறங்கி, எண்ணிப் பத்து எட்டு நடந்தான். திரும்பி வந்து ஒற்றைக் காலில் தள்ளாடி நின்று, குதிகாலைத் தூக்கிப் பார்த்தான்.

இதையும் எடுத்துக்கொள்ள வந்துவிட்டான். ஆறுச்சாமிக்குப் பழைய எரிச்சல் குப்பென்று பற்றியது.

"ஏனுங் மேஸ்திரி, ஒட்டலைங்களே. வெயில்தானுங்களா?"

ஆறுச்சாமி அந்தக் காலைப் பார்த்தார். வெள்ளைவெளேர் என்று, பிறந்த குழந்தையின் கால் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு காய்ப்பு இல்லை. அந்தக் காலில் மழைத் தூளும் ஒட்டாது, வெயில் தூளும் ஒட்டாது. பத்து வருடம் செருப்பில்லாமல் நடந்தாலொழிய அது ஒன்றையும் சொல்லாது.

"காலு உன்ற காலு. என்னைய ஏன் கேக்கறே?" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, களத்தின் மறு ஓரத்துக்கு நடந்தார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சோறு அவருக்கு உப்போடு இருந்தது.